யோனாவுக்கும் தகாமத்சுவுக்கும் நீங்கள் தர வேண்டிய பதில்

மதிப்பிற்குரிய கீக்கோ ஆர்குவேயோ, அசென்சியோன் ரொமேரோ, அருள்தந்தை மாரியோ பெச்சி ஆகியோருக்கும், நியோகேட்டக்குமெனல் வழியின் பொறுப்பில் இருக்கும் மற்ற அனைவருக்கும்,

இயேசுவின் பெயரால் வணக்கம்.

நான் ஒரு தமிழ்க் கத்தோலிக்கன். பங்குப் பேரவைக் கூட்டங்களில் உட்கார்ந்து பழகியவன். உங்கள் இயக்கத்தில் நான் இருந்ததில்லை. உங்களால் எனக்கு எந்தத் தீங்கும் நேர்ந்ததில்லை. ஆனாலும் பசிபிக் கடலில் இரண்டு தீவுகளில், குவாமிலும் ஜப்பானின் ஷிகோகுவிலும், உங்கள் இயக்கத்தை முன்னிட்டுப் பங்கு மக்கள் பட்ட மனவேதனையைப் பற்றிப் படிக்கப் படிக்க, இதைச் சொல்லாமல் இருப்பது சரியில்லை என்று தோன்றியது. ஒரே பீடத்தில் ஒரே அப்பத்தை உண்பவர்கள் நாம். அந்த உரிமையில் எழுதுகிறேன்.

தமிழ் வாசகர்களில் பலருக்கு உங்களைத் தெரியாது. அவர்களுக்காகச் சில வரிகள். 1964-இல் மட்ரிட் நகரின் ஓரத்தில் பலோமேராஸ் ஆல்தாஸ் என்னும் குடிசைப் பகுதிக்கு ஓவியர் கீக்கோ ஆர்குவேயோ குடிபோனார். வேதியியல் படித்த கார்மென் எர்னாண்டஸ் அவரோடு சேர்ந்தார். ஏழைகள் நடுவே பிறந்த அந்தச் சிறு குழுவிலிருந்து, சிறுவயதில் திருமுழுக்குப் பெற்றுவிட்டு விசுவாசத்தை மறந்து போனவர்களை மீண்டும் ஆரம்பத்திலிருந்து நடத்திச் செல்லும் ஒரு பயிற்சி உருவானது. பல ஆண்டுகள் நீளும் படிகள், சிறு சமூகங்கள், வாரத்தின் நடுவில் இறைவார்த்தை வழிபாடு, சனிக்கிழமை இரவில் திருப்பலி. 1990-இல் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் இதை இக்காலத்துக்கு ஏற்ற கத்தோலிக்கப் பயிற்சி என்று ஏற்றுக்கொண்டு கடிதம் எழுதினார். 2002-இல் தற்காலிகமாகவும் 2008-இல் நிரந்தரமாகவும் உங்கள் சட்டவிதிகளுக்கு ரோம் ஒப்புதல் அளித்தது.

உங்களால் நன்மை விளைந்ததை மறுப்பவன் நானில்லை. உடைந்துபோன திருமணங்கள் ஒட்டியிருக்கின்றன. சொந்த ஊரையும் வேலையையும் விட்டுவிட்டுப் பிள்ளைகளோடு அந்நிய நாட்டுக்கு மறைப்பணிக்குப் போகும் குடும்பங்களை வேறெங்கே இத்தனை பார்க்க முடியும்? அந்தக் குடும்பங்களை நான் மதிக்கிறேன். எனது கேள்விகள் அவர்களை நோக்கியவை அல்ல. அவர்களை அனுப்புகிறவர்களையும், அவர்கள் போய் இறங்கும் பங்குகளில் முடிவெடுக்கிறவர்களையும் நோக்கியவை.

குவாமில் தொடங்குகிறேன்.

அது முப்பது மைல் நீளமுள்ள தீவு. 1668-இல் இயேசு சபை அருள்தந்தை தியேகோ லூயிஸ் தே சான் விடோரெஸ் வந்திறங்கியது முதல் தீவின் பூர்வகுடிகளான சமோரோ மக்களின் வாழ்க்கை கோவிலைச் சுற்றியே இருக்கிறது. டிசம்பர் 8-ஆம் தேதி சாந்தா மரியன் கமலேன் அன்னையின் சுரூபம் ஹகாத்னா நகரத் தெருக்களில் பவனி வரும்போது தீவே திரண்டு வரும். வீட்டில் ஒருவர் இறந்தால் உறவும் ஊரும் கூடி இரவு இரவாகச் செபமாலை சொல்வார்கள். அப்படிப்பட்ட மக்கள் தங்கள் பேராலயத்தின் வாசலிலேயே, ஞாயிற்றுக்கிழமை திருப்பலி நேரத்தில், பதாகை ஏந்தி நின்றார்கள் என்றால், அந்த நிலைக்கு அவர்களைத் தள்ளியது என்ன என்று நீங்கள் எப்போதாவது உட்கார்ந்து யோசித்தீர்களா?

யோனா என்னும் ஊரில் கடலைப் பார்த்தபடி ஒரு பழைய ஹோட்டல் இருந்தது. 2002-இல் மறைமாவட்டம் அதை வாங்கி உங்கள் 'ரெதெம்தோரிஸ் மாத்தெர்' குருமடம் ஆக்கியது. அதற்கான பணம், சுமார் 20 லட்சம் டாலர், யார் கொடுத்தது என்று நெடுங்காலம் வெளியில் தெரியாது. கார்மேல் மடத்துக் கன்னியர் வழியாக வந்த பணம் அது என்றும், சொத்து மறைமாவட்டத்துக்கே சேர வேண்டும் என்பதுதான் தங்கள் எண்ணம் என்றும் அந்தக் கன்னியர் 2016-இல் வெளிப்படையாகச் சொன்னார்கள். அதைச் சொன்ன காலத்திலேயே, தீவில் நிலவிய குழப்பத்தின் நடுவே தங்களால் தியான வாழ்வு வாழ முடியவில்லை என்று மடத்தை விட்டுக் கலிபோர்னியாவுக்குப் புறப்பட்டுப் போனார்கள்.

நடுவில் நடந்ததுதான் முக்கியம். 2011 நவம்பரில் பேராயர் அந்தோனி அபூரோன் ஒரு பத்திரத்தைப் பதிவு செய்தார். அதன்படி அந்தச் சொத்தின் பயன்பாடு நிரந்தரமாக உங்கள் குருமடத்துக்குப் போனது. சொத்து இன்னும் மறைமாவட்டத்தின் பெயரில்தான் இருக்கிறது என்று ஒரு தரப்பு வாதிட்டது. எக்காலத்துக்கும் பயன்படுத்தும் உரிமையைக் கொடுத்த பிறகு பெயரில் என்ன மிச்சமிருக்கிறது என்று மறுதரப்பு கேட்டது. நிதிக்குழுவில் இருந்த பொதுநிலையினர் இதை எதிர்த்தார்கள். அடுத்த சில வாரங்களில் அவர்கள் நீக்கப்பட்டார்கள். 2013-இல் தீவின் டெடெடோ ஊர்ப் பங்குத்தந்தை பொறுப்பிலிருந்து இறக்கப்பட்டார். 2014-இல் பேராலயத்தின் அதிபர் இறக்கப்பட்டார். ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் சொல்லப்பட்டது. மக்கள் அந்தக் காரணங்களை நம்பவில்லை. பேராயரே உங்கள் சமூகங்களில் ஒன்றில் உறுப்பினராக நடந்துவந்தவர் என்பது தீவு முழுவதும் அறிந்த செய்தி. தங்கள் ஆயர் தங்களுக்கு ஆயராக இல்லாமல், வேறொரு குழுவுக்கு முதலில் ஆயராக இருக்கிறார் என்று அவர்கள் உணர்ந்தார்கள். அப்படித்தான் 2014-இல் 'கன்சர்ன்ட் கேத்தலிக்ஸ் ஆஃப் குவாம்' என்ற அமைப்பு உருவானது.

ஒன்றை இங்கே தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். 2016 மே மாதம் முதல் பேராயர் அபூரோன் மீது எழுந்த பாலியல் குற்றச்சாட்டுகள், அவர் 1970-களில் அகாட் பங்கில் இருந்த காலத்தைப் பற்றியவை. அவற்றுக்கும் உங்கள் இயக்கத்துக்கும் தொடர்பில்லை. அவர் எல்லாவற்றையும் மறுத்தார். ரோமின் தீர்ப்பாயம் 2018-இல் சில குற்றச்சாட்டுகளில் அவர் குற்றவாளி என்று தீர்ப்பளித்தது. மேல்முறையீட்டில் அது 2019-இல் உறுதியானது. பதவி பறிக்கப்பட்டது, தம் மறைமாவட்டத்தில் வசிக்கவே தடை விதிக்கப்பட்டது. அந்தத் தீர்ப்பை எடுத்து உங்கள் தலையில் சுமத்துவது அநியாயம்.

ஆனால் சொத்து, குருமடம், பீடம் பற்றிக் கேள்வி கேட்டவர்களைத் திருச்சபையின் பகைவர்களாகப் பார்த்துப் பழகிய ஒரு சூழல் அங்கே ஏற்கெனவே இருந்தது. பாதிக்கப்பட்டவர்கள் வாய் திறந்தபோது அதே பழக்கம்தான் அவர்களையும் எதிர்கொண்டது. அவதூறு வழக்குத் தொடுப்போம் என்றது மறைமாவட்டத்தின் முதல் அறிக்கை. சிறுவயதில் பட்டதை நாற்பது ஆண்டுகளுக்குப் பிறகு நடுங்கும் குரலில் சொன்ன ஒரு மனிதருக்குக் கிடைத்த பதில் அது. இந்தச் சூழலை உருவாக்கியதில் உங்களுக்குப் பங்கில்லை என்று நீங்கள் சொல்வீர்களா?

அதன் பிறகு நடந்தவை உங்களுக்குத் தெரியும். அப்போஸ்தலிக்க நிர்வாகியாக, அதாவது ரோம் நியமித்த தற்காலிகப் பொறுப்பாளராக, பேராயர் சாவியோ ஹோன் வந்தார். 2016 இறுதியில் அந்தப் பத்திரம் ரத்தானது. அவருக்குப் பின் வந்த பேராயர் மைக்கேல் பர்ன்ஸ், 2017-இல் புதிய சமூகங்கள் தொடங்குவதை ஓராண்டுக்கு நிறுத்திவைத்தார்; அந்த ஆண்டு முடிவில் குருமடமும் மூடப்பட்டது. தீவின் பல அருள்பணியாளர்கள் மீதான வழக்குகள் இருநூறை நெருங்க, 2019 ஜனவரியில் மறைமாவட்டம் திவால் பாதுகாப்பு கேட்டு நீதிமன்றம் போனது. யோனா சொத்து விற்பனைக்கு வந்தது. இத்தனைக்கும் நடுவில், உங்கள் பொறுப்பாளர்கள் யாராவது டெடெடோவின் சாந்தா பார்பரா கோவிலின் பெஞ்சில் வந்து உட்கார்ந்து, உங்கள் மனம் புண்பட்டது எங்களுக்குத் தெரியும் என்று பங்கு மக்களிடம் சொன்னதாக நான் எங்கும் படிக்கவில்லை.

குவாமை மட்டும் வைத்துப் பேசினால், ஒரு தனி ஆயரின் கோளாறு என்று நீங்கள் ஒதுக்கிவிடக்கூடும். ஆகவே ஜப்பானுக்கு வருகிறேன்.

ஷிகோகு தீவின் நான்கு மாகாணங்களையும் சேர்த்தது தகாமத்சு மறைமாவட்டம். மொத்தக் கத்தோலிக்கரே ஐயாயிரம் பேர் அளவில்தான்; ஜப்பானிலேயே மிகச் சிறியது. அங்கே 1990-இல் உங்கள் குருமடம் தொடங்கியது. குருக்கள் இல்லாத ஒரு மறைமாவட்டத்துக்குக் குருமடம் என்றால் யாருக்குத்தான் மகிழ்ச்சியில்லை? மக்கள் வரவேற்றார்கள். சில ஆண்டுகளிலேயே பங்குகளில் இரண்டு வகைக் கத்தோலிக்கர் உருவானார்கள். ஆயர் சொல்வதைக் காட்டிலும் இயக்கத்தின் பொறுப்பாளர் சொல்வதற்குக் கட்டுப்படும் குருக்கள், பங்கு வழிபாட்டைக் காட்டிலும் தங்கள் சமூக வழிபாட்டையே உண்மையான வழிபாடாகக் கருதும் உறுப்பினர்கள் என்று குறை எழுந்தது. சச்சரவு நீதிமன்றப் படியும் ஏறியது. ஜப்பானியர் பொது இடத்தில் சண்டையிடத் தயங்குகிறவர்கள். ஒரு சிறு கிராமப் பங்கின் வயதானவர்கள் தங்கள் குருவைப் பற்றி வெளியாரிடம் பேச வேண்டி வந்தது எத்தனை பெரிய அவமானமாக அவர்களுக்கு இருந்திருக்கும்!

ஆயர் மிசோபே பொறுப்பேற்ற பிறகு ஆண்டுக்கணக்கில் பேச்சு நடந்தது. கடைசியில் குருமடம் ஜப்பானை விட்டு ரோமுக்கு மாற்றப்பட்டது. 2007 டிசம்பரில் ஜப்பான் ஆயர்கள் ரோம் சென்றபோது, டோக்கியோ பேராயர் ஓகாடா திருத்தந்தையிடம் நேராகவே சொன்னார்: எங்கள் சிறிய திருச்சபையில் இந்த இயக்கத்தின் போக்கு ஒரு தனிச்சபையின் போக்கைப் போல இருக்கிறது, கூர்மையான, வேதனையான பிளவை உண்டாக்கியிருக்கிறது. 2010 டிசம்பரில் ஆயர்கள் மீண்டும் போனார்கள். ஐந்து ஆண்டுகள் உங்கள் செயல்பாட்டை ஜப்பானில் நிறுத்திவைத்து, என்ன நடந்தது என்று எல்லோரும் சேர்ந்து ஆராய வேண்டும் என்று கேட்டார்கள். திருத்தந்தை பதினாறாம் பெனடிக்ட் அதற்கு இணங்கவில்லை. உரையாடலைத் தொடரச் சொன்னார். ஒசாகா பேராயர் இக்கெனாகா அதற்குப் பிறகு தம் மக்களுக்கு எழுதியதில், இயக்கம் தொட்ட இடங்களிலெல்லாம் குழப்பமும் மோதலும் பிரிவினையும் வந்தன என்று வெளிப்படையாகவே குறிப்பிட்டார். சில ஆண்டுகள் கழித்து, டோக்கியோவில் ஆசியாவுக்கான குருமடம் என்று ரோமிலிருந்து அறிவிப்பு வந்தது. ஜப்பான் ஆயர்கள் மறுபடியும் கவலைப்பட்டார்கள். 2019-இல் அத்திட்டம் கைவிடப்பட்டது.

இங்கிலாந்தின் கிளிஃப்டன் மறைமாவட்டமும் நினைவுக்கு வருகிறது. 1990-களில் மூன்று பங்குகளில் எழுந்த முறையீட்டால் ஆயர் விசாரணைக் குழு அமைத்தார்; முடிவில் உங்கள் பணி அங்கே நிறுத்தப்பட்டது. மூன்று கண்டங்கள், மூன்று பண்பாடுகள், ஒரே முறையீடு. இதை ஒரு பேராயரின் தனிப்பட்ட குறை என்று சொல்லி முடித்துவிட முடியாது.

முறையீட்டின் மையம் என்ன? சனிக்கிழமை இரவுதான்.

பங்கு மண்டபத்தில் நாற்காலிகள் சதுரமாகப் போடப்படுகின்றன. நடுவில் ஒரு பெரிய மேசை, வெள்ளை விரிப்பு, நிறையப் பூக்கள், ஏழு கிளை விளக்கு. அந்தச் சமூகத்தார் தங்கள் கையாலேயே சுட்ட பெரிய புளியாத அப்பம். கிட்டார் இசை, கீக்கோ மெட்டமைத்த பாடல்கள். நற்செய்திக்குப் பிறகு ஒவ்வொருவராக எழுந்து அந்த வாசகம் தம் வாழ்வில் என்ன பேசியது என்று சொல்கிறார்கள். அப்பத்தையும் கிண்ணத்தையும் தங்கள் இடத்திலிருந்தே வாங்கிக்கொள்கிறார்கள். அழகான வழிபாடு என்று உண்மையாகவே சொல்கிறேன். ஆனால் அதே நேரத்தில் பத்தடி தள்ளி, கோவிலுக்குள், மெழுகுதிரி ஏற்றிவிட்டு உட்கார்ந்திருக்கும் ஒரு பாட்டிக்கு அந்தக் கதவு திறந்திருக்கிறது என்று யாரும் சொல்லவில்லை. அவர் தட்டிப் பார்க்கத் தயங்குகிறார். பங்கிலே பாஸ்கா திருவிழிப்பு, அதாவது உயிர்ப்பு ஞாயிறுக்கு முந்தைய இரவு வழிபாடு, நடக்கும்போது, உங்கள் சமூகங்கள் வேறிடத்தில் விடியவிடியத் தனித் திருவிழிப்பு கொண்டாடுகின்றன. ஆண்டின் மிகப் பெரிய இரவில், ஒரே ஊரில் இரண்டு பாஸ்கா திரிகள்.

இதை நான் மட்டும் குறையாகச் சொல்லவில்லை. 2005 டிசம்பரில், ரோமில் வழிபாட்டுக்குப் பொறுப்பாக இருந்த கர்தினால் பிரான்சிஸ் அரின்சே உங்களுக்கு எழுதிய கடிதத்தில், மாதம் ஒரு ஞாயிறாவது உங்கள் சமூகங்கள் பங்கின் பொதுத் திருப்பலியில் பங்கேற்க வேண்டும் என்று இருக்கிறது. உங்கள் சட்டவிதியின் 13-ஆம் பிரிவு, சனிக்கிழமைத் திருப்பலி பங்கின் ஞாயிறு வழிபாட்டின் ஒரு பகுதி, மற்ற விசுவாசிகளுக்கும் திறந்தது என்கிறது. 2012 ஜனவரியில் உங்களிடம் பேசிய திருத்தந்தை பெனடிக்ட், உங்கள் பயிற்சி போய்ச் சேர வேண்டிய இடம் பங்கின் பொது வழிபாடு என்பதை நினைவூட்டினார். ஆக, பங்கு மக்கள் கேட்பது புதிதாக ஒன்றுமில்லை. நீங்களே கையெழுத்திட்ட விதியைக் கடைப்பிடியுங்கள் என்றுதான் கேட்கிறார்கள். குவாமிலும் தகாமத்சுவிலும் மக்கள் குறை சொன்ன போதெல்லாம் ரோமின் அங்கீகாரத்தை எடுத்து முன்னால் வைத்தீர்கள். அங்கீகரிக்கப்பட்ட அந்தத் தாளில் 13-ஆம் பிரிவும் இருக்கிறது.

உங்கள் பயிற்சிநூல் பற்றியும் ஒரு வார்த்தை. 13 தொகுதிகள்; 2010-இல் ரோம் அங்கீகரித்தது. எங்கள் பங்குத்தந்தை ஒரு மறைக்கல்வி நூலை அறிமுகப்படுத்தினால் மறுநாளே நான் அதை வாங்கிப் படிக்கலாம். உங்கள் தொகுதிகளைப் பொதுநிலையினர் அப்படி வாங்க முடியாது. தன் மகளும் மருமகனும் என்ன கேட்டு வருகிறார்கள் என்று ஒரு தாய் அறிய விரும்பினால், யாரிடம் போவார்? சமூகத்தின் முன்னால் தம் பாவங்களையும் பணத்தையும் பற்றிப் பேசவைக்கப்படும் 'ஆய்வு' நிலைகள் பற்றி முன்னாள் உறுப்பினர்கள் எழுதியிருப்பதை நீங்கள் படித்திருப்பீர்கள். அவர்கள் எல்லோரும் பொய் சொல்கிறார்கள் என்று நம்ப என்னால் முடியவில்லை. நூலைத் திறந்து காட்டினால் பாதிச் சந்தேகம் அன்றே தீர்ந்துவிடும்.

2014 பிப்ரவரி 1-ஆம் தேதி திருத்தந்தை பிரான்சிஸ் உங்கள் மறைப்பணிக் குடும்பங்களை வழியனுப்பியபோது சொன்னவற்றை நான் திரும்பத் திரும்பப் படித்திருக்கிறேன். சகோதரருக்கிடையே ஒற்றுமை காக்கப்பட, உங்கள் பயிற்சி கேட்கும் எல்லா நுணுக்கங்களையும் விடாமல் கடைப்பிடிப்பதைக் காட்டிலும், சிலவற்றை விட்டுக்கொடுப்பது நல்லது என்றார். போகும் நாட்டின் பண்பாட்டைக் கவனியுங்கள் என்றார். ஒவ்வொருவரின் சுதந்திரத்தையும் மதியுங்கள், வேறு வழியில் கிறிஸ்தவ வாழ்வைத் தேடப் போகிறவரை வற்புறுத்தாதீர்கள் என்றார். ஜப்பானிய ஆயர்கள் ஆண்டுக்கணக்கில் கேட்டதும் இதைத்தான். திருத்தந்தை சொன்ன பிறகு எந்த மறைமாவட்டத்தில் எதை விட்டுக்கொடுத்தீர்கள் என்று எங்களுக்குச் சொல்லுங்கள். தெரிந்துகொள்ள ஆவலாக இருக்கிறேன்.

தமிழனாகிய எனக்கு இது ஏன் இத்தனை உறைக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். தெற்கே வடக்கன்குளத்தில் 1872-இல் கட்டப்பட்ட திருக்குடும்ப ஆலயத்துக்கு இரண்டு கைகள்; சாதிக்கு ஒன்று. நடுவில் தடுப்பு. இரு பக்கத்தாரும் ஒரே பீடத்தைப் பார்ப்பார்கள், ஒருவரை ஒருவர் பார்க்கமாட்டார்கள். 1910-இல் அந்தத் தடுப்பு இடிக்கப்பட்டபோது, அதைத் திரும்பக் கட்டச் சொல்லி வழக்கு சென்னை உயர்நீதிமன்றம் வரை போனது. உங்கள் பிரிவும் சாதிப் பிரிவும் ஒன்றல்ல. அது பிறப்பால் வந்த கொடுமை. ஆனால் பீடத்தின் முன் ஒரு கூட்டம் தன்னைத் தனியாக நிறுத்திக்கொண்டால் அந்த ஊருக்கு என்ன ஆகும் என்பதை எங்கள் முன்னோர் பார்த்தவர்கள். பேச்சு நிற்கும். பெண் கொடுத்து எடுப்பது நிற்கும். கல்லறைத் தோட்டத்தில்கூடப் பக்கம் பிரியும். பிறகு யார் தொடங்கியது என்பது யாருக்கும் நினைவிருக்காது, வழக்கு மட்டும் நடந்துகொண்டே இருக்கும்.

குவாம் மக்களுக்கும் ஒன்று சொல்ல விரும்புகிறேன், அவர்கள் இதைப் படிக்கமாட்டார்கள் என்றாலும். உங்கள் கோபம் நியாயமானது. ஆனால் அந்தச் சமூகங்களில் இருக்கும் சாதாரணக் குடும்பம் உங்கள் சொத்தை எழுதி வாங்கவில்லை. நோயிலும் கடனிலும் ஆறுதல் தேடிப் போன உங்கள் சித்தியும் பெரியப்பாவும்தான் அங்கே இருக்கிறார்கள். அவர்கள் திரும்பிப் பங்கின் பொதுத் திருப்பலிக்கு வரும் நாளில், பெஞ்சில் நகர்ந்து இடம் கொடுங்கள்.

பொறுப்பாளர்களே, உங்களிடம் நான் கேட்பது இவைதான். குவாமிலும் தகாமத்சுவிலும் நடந்தவற்றில் உங்கள் தரப்பின் தவறு எது என்று உங்கள் பெயரிலேயே, உங்கள் கையெழுத்திலேயே ஓர் அறிக்கை வெளியிடுங்கள்; விளக்கவுரையாக இல்லாமல், மன்னிப்பாக. நீங்கள் செயல்படும் ஒவ்வொரு பங்கிலும் சனிக்கிழமைத் திருப்பலியின் நேரத்தையும் இடத்தையும் கோவில் அறிவிப்புப் பலகையில் மற்றத் திருப்பலிகளோடு சேர்த்து எழுதி ஒட்டச் சொல்லுங்கள். பாஸ்கா திருவிழிப்பைப் பங்கு மக்களோடு கொண்டாடுங்கள். அதன் பிறகு உங்கள் சமூகம் விடியவிடியக் கூடிச் செபித்தால் யார் குறை சொல்லப்போகிறார்கள்? 13 தொகுதிகளையும் அச்சிட்டு விற்பனைக்கு வையுங்கள். உங்கள் குருமடங்கள் எந்தெந்த நாட்டில் எந்தப் பெயரில் சொத்து வைத்திருக்கின்றன, அந்தப் பணம் எங்கிருந்து வந்தது என்பதை அந்தந்த மறைமாவட்ட நிதிக்குழுவின் பார்வைக்குத் திறந்துவிடுங்கள். ஓர் ஆயர் நிறுத்திவைக்கச் சொன்னால் நிறுத்திவையுங்கள், ரோமுக்கு ஓடாதீர்கள்.

இந்த மடலுக்கு எனக்குப் பதில் எழுத வேண்டும் என்ற அவசியமில்லை. எழுதுவதானால் முதலில் யோனாவுக்கும் டெடெடோவுக்கும் எழுதுங்கள், அடுத்து ஷிகோகுவின் நான்கு மாகாணங்களில் இருக்கும் ஒவ்வொரு பங்குக்கும் எழுதுங்கள். அவர்கள் பேசும் மொழியில் எழுதுங்கள், ஞாயிறு திருப்பலியின் முடிவில் பங்குத்தந்தை வாசிக்கும்படி எழுதுங்கள்.

இறையன்பில்,
ஒரு தமிழ்க் கத்தோலிக்கன்